அந்தம்மா நுழையும் இடம்

"வாசிப்பை எவன் சார் கேக்கறதுக்கு வாங்குறான்? பேசறதுக்கு வாங்குறான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. அரிசி என்ன விலை என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்வார்.

விழுப்புரத்தில், பழைய பஸ் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை இருந்தது. கேசட் விற்ற கடை சி.டி. விற்கும் கடையாகி, பிறகு மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றித் தரும் கடையானது. நான் அவரை அறிந்தது இந்தக் கடைசிக் கட்டத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் போன் உறைகள் தொங்கும். அதற்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"பாட்டா, வாசிப்பா?"

மனிதக் குரல் இருந்தால் பாட்டு. குரல் இல்லாமல் நாதஸ்வரமோ வயலினோ சாக்ஸபோனோ தனியாக ஒலித்தால் அது வாசிப்பு. உலகத்தில் உள்ள இசையெல்லாம் அவருக்கு இந்த இரண்டுக்குள் அடங்கியது. பாட்டு கேட்டு வருகிறவர்கள் நாள் முழுக்க வருவார்கள். வாசிப்பு கேட்டு வருகிறவர்களை அவர் முகம் பார்த்தே சொல்லிவிடுவார். சலூன்காரர், பல் டாக்டர், கல்யாண மண்டப மேனேஜர், சாவு வீட்டுக்கு மைக் செட் கட்டுகிறவர்.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடி மாதக் காற்று. கடைத் தட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், போன தபா குடுத்தீங்களே பாட்டு, அதெல்லாம் அழிச்சிட்டு வெறும் வாசிப்பா போட்டுக் குடுங்க. பேஜாராயிடுச்சு."

"ஏன்?"

"நல்ல பாட்டா வந்துச்சுன்னா தின்னு முடிச்சவன் எழுந்துக்க மாட்டேங்குறான். எலைய மடக்கி வச்சிக்கினு தலைய ஆட்டிக்கினு குந்தியிருக்கான். பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், இவன் சரணம் முடியட்டும்னு நிக்கிறான். டேபிள் காலியாவணும் மாஸ்டர்."

அவர் ஏற்றிக் கொடுத்தார். அந்த ஆள் போன பிறகு என்னைப் பார்த்து, "பாட்டு போடற கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும் சார்" என்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நான் பேச்சு முடிந்தது என்று எழுந்தேன். அப்போது மீதியைச் சொன்னார்: "அதான் அவங்க வாசிப்பு போடறதில்ல."

அவரோடு பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அவர் இடம் விடுவார். எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்லட்டும் என்று விடுகிற இடம் அது. நாம் சொல்லாவிட்டால் அவர் காத்திருப்பார். போனில் இது பெரிய தொல்லை. "ஹலோ" என்பார், நிறுத்துவார், எதிர்முனையில் இருப்பவர் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார். அவர் போனைக் கையில் பிடித்தபடி, அது மறுபடி அடிக்கும் வரை அப்படியே இருப்பார்.

ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். கிளாரினெட் வாசிக்கிறவர். அவர் அப்பா தேர்பவனிகளுக்கும் சவ ஊர்வலங்களுக்கும் போகும் பேண்டு செட்டில் டிரம் அடித்தவர். இவர் அதே செட்டில் கிளாரினெட்டுக்கு வந்து, செட்டு கலைந்தபின் திண்டிவனத்தில் தம் கத்தோலிக்கப் பங்குக் கோவில் பாடகர் குழுவோடு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். வீடு திண்டிவனம், கடை விழுப்புரம். காலை ரயிலில் வருவார், சாயங்கால ரயிலில் போவார். குரல் விற்றுப் பிழைக்கிற கடையில் கிளாரினெட் வாசிக்கிற ஆள் உட்கார்ந்திருந்தது வேடிக்கையாக எனக்குப் பட்டதுண்டு. அவருக்குப் படவில்லை.

ஊர்ச் செய்திகளைத் தேதி போட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தத் தியேட்டர் என்றைக்கு மூடியது, எந்தப் பாலத்தில் முதல் பஸ் எப்போது போனது என்று கேட்டால் சொல்வேன். இவரைப் பற்றி நினைத்தால் மட்டும் தேதிகள் வருவதில்லை. சாம்பல் புதன், தவக்காலம், ஊர்த் திருவிழா என்றுதான் வருகிறது. அவர் காலத்தை அப்படித்தான் எண்ணினார். ஆகவே நானும் அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

நான் அவர் வாசித்து முதலில் கேட்டது அவர்கள் பங்குத் திருவிழாவில். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவனல்ல. கூப்பிட்டார், போனேன். பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று பாடியவர் அவர் மனைவி. அங்கன்வாடியில் வேலை. குட்டையான உருவம், பெரிய குரல், எதிலும் அவசரம். பாட்டின் பல்லவி முடிந்ததும் கிளாரினெட் மட்டும் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கும். அது தரையைத் தொடுவதற்குள், கடைசிச் சுரத்தின் மேலேயே கால் வைத்து, அந்தம்மா சரணத்துக்குள் நுழைந்துவிட்டார். ஒருமுறை நடந்திருந்தால் தவறு என்று நினைத்திருப்பேன். ஒவ்வொரு சரணத்திலும் அப்படித்தான் நடந்தது. குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குச் சாமியார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், அந்த வாசிப்பை முழுசா வாசிச்சு முடிங்களேன். கேக்க நல்லா இருக்கு. அப்புறம் அவங்க பாடட்டும்."

"முடிக்க வுட மாட்டா சாமி" என்றார் மாஸ்டர்.

அந்தம்மா பின்னாலிருந்து வந்தார். "இவரு முடிக்கற வரைக்கும் காத்துக்கினு நின்னா சாமி, நீங்க பிரசங்கம் வச்சு, கோவில பூட்டிக்கினு போயிடுவீங்க. வூட்டுலயும் இப்படித்தான். சோறு வேணும்னு சொல்ல ஆரம்பிப்பாரு. அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ஒலை வச்சி வடிச்சிடுவேன்."

"தோ, பாத்தீங்களா" என்று என்னைப் பார்த்தார் மாஸ்டர். அவ்வளவுதான் அவர் தரப்பு வாதம்.

பிற்பாடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டை நான் கவனித்தேன். மனைவி எங்கே நுழைவார் என்பது தெரிந்துபோனதால், அந்த இடம் வருவதற்கு ஒரு நொடி முன்பே வாய் எடுத்துவிடத் தொடங்கினார். சுற்றி வரும் வாசிப்பு முக்கால்வாசியில் நின்றுவிடும். அந்தம்மா இடிக்காமல் நுழைவார். கேட்கிறவர்களுக்கு அது ஒரே மூச்சுபோல இருக்கும். வாசிப்பின் கடைசிக் கால்வாசியை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து கம்பெனிக்காரர் வந்தது கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கலுக்கு முந்தைய வாரம். சிறிய கம்பெனி. கிறிஸ்தவப் பாடல்களை மட்டும் ஒலிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவார்கள். அந்தம்மா பாடிக் கேட்ட யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை. நானும் திண்டிவனத்தில் அவர்கள் வீட்டில் இருந்தேன். கம்பெனிக்காரர் கையில் இரண்டு போன். இரண்டும் மாறி மாறி அடித்தன.

"யாரு எழுதுனதுன்னே தெரியாத பழைய தவக்காலப் பாட்டெல்லாம் பாடுவீங்களாமேக்கா. அத அப்படியே பாடிக் குடுங்க. வர்ற தவக்காலத்துல ஏத்திடலாம்."

"இவரு வாசிப்பாரு இல்ல?" என்றார் அந்தம்மா.

"வாசிப்பெல்லாம் கீபோர்டுலயே வந்துடும்க்கா. இப்ப யாருக்கா கிளாரினெட்டுக்கு..."

"அப்ப கீபோர்டையே பாடச் சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வழக்கம்போல இடம் விட்டுப் பேசத் தொடங்கினார். "நான் ஒண்ணு கேக்கணும்..." என்றார். நின்றார். கம்பெனிக்காரரின் போன் அடித்தது, அவர் எடுத்துப் பேசி முடித்தார். மாஸ்டர் தொடர்ந்தார். "கடைசில ஒண்ணு... வெறும் வாசிப்பா போட முடியுமா?"

அத்தனை நாளில் தமக்கென்று அவர் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"மாஸ்டர், நீங்க கடை வச்சிருக்கறவரு. உங்களுக்கே தெரியும். பாட்டுன்னா பத்துப் பேரு அடுத்தவனுக்கு அனுப்புவான். வாசிப்ப எவன் அனுப்புறான்? எங்க கம்பெனில குரல் இல்லாம ஒண்ணுகூட போட்டதில்ல. கேக்குறவனுக்கு ஒரு வாய் வேணும் மாஸ்டர், கூட முணுமுணுக்கறதுக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அக்கா எல்லாத்தையும் பாடட்டும், நீங்களே வாசிங்க. எடம் இருந்தா கடைசில ஒண்ணு பாக்கலாம்" என்றார்.

அப்படி முடிவாயிற்று.

ஒலிப்பதிவு புதுச்சேரியில் ஒரு மாடி அறையில் நடந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. இரண்டாவது சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. துணைக்குப் போனேன். அந்த வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் வாத்தியங்களைப் பதிவு செய்வார்கள். குரலைப் பிறகு, வேறொரு நாளில், அதன் மேல் சேர்ப்பார்கள். வாசிக்கிறவருக்கு எங்கே நிறுத்துவது, எங்கே எடுப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, பாடுகிறவரை முதலிலேயே சும்மா ஒருமுறை பாடவைத்து அதைக் காதில் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு டம்மி வாய்ஸ் என்று பெயர். வேலை முடிந்ததும் தேவையில்லாத குரல் அது.

அன்று அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். அந்தம்மாவால் வர முடியவில்லை.

ஒலிப்பதிவு செய்கிறவர் இளைஞர். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். "அக்கா வரலியா? டம்மி இல்லாம எப்படி மாஸ்டர்?"

"வேணாம்."

"போன் போட்டுக் குடுங்க மாஸ்டர். வூட்டுலேர்ந்தே பாடட்டும், புடிச்சுக்கறேன். பின்னாடி அவங்க வந்து பாடும்போது நீங்க வாசிச்சதுல எடம் பத்தலன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர். "அவ எங்க மூச்சு எடுப்பான்னு தெரியும்."

வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லவி வரும் இடங்களில் கிளாரினெட்டை மார்பில் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பார். யாருமே பாடாத அறையில், பாட்டு முடியும் வரை நின்று, சரியான இடத்தில் வாயில் வைப்பார். பாட்டுக்குப் பாட்டு அப்படித்தான். நடுவில் ஒருமுறை அந்த இளைஞர் நிறுத்தினார்.

"மாஸ்டர், அந்தச் சுத்தோட கடைசி கட்டாயிடுது. முழுசா வாசிங்க. தேவைன்னா நான் வெட்டிக்கறேன்."

"அங்க அவ வந்துடுவா தம்பி."

குரல் பதிவுக்கு அடுத்த சனிக்கிழமை என்று நாள் வைத்தார்கள். இடையில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அன்று காலை பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அந்தம்மா வேலைக்குப் போனார். மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கரண்டியோடு சாய்ந்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை. நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது. வியாழன் மாலை அடக்கம்.

சாவு வீட்டில் யாரோ, "மாஸ்டர், அக்கா பாடுனது எதனா இருந்தா போடுங்க" என்றார்கள். அவர் மனைவியின் காலடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டவரைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

உண்மையிலேயே இல்லை. கடையிலிருந்த கம்ப்யூட்டரில் எத்தனையோ பேருடைய குரல்கள் இருந்தன. இறந்து பல காலமானவர்கள்கூட அதில் பாடிக்கொண்டிருந்தார்கள். இந்தம்மாவின் குரல் ஒரு வரிகூட இல்லை. நான் சில வாரங்கள் அலைந்து, பங்கில் யார் யார் போனில் திருவிழா வீடியோ இருக்கிறதோ அவர்களிடமெல்லாம் வாங்கிச் சேர்த்தேன். ஒன்றில் ஜெனரேட்டர் சத்தம். ஒன்றில் வாணவேடிக்கை. கொஞ்சம் தெளிவான ஒன்றில் குழு முழுவதும் சேர்ந்து பாடியது. அந்தம்மா வாய் திறந்திருந்தது. அதிலிருந்து வருவது எந்தக் குரல் என்று பிரிக்க முடியவில்லை. மாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார்.

"வாய் அசையுது" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அழுது நான் பார்க்கவில்லை. மூன்றாம் வாரமே கடை திறந்தார். வருகிறவர்களிடம் "பாட்டா, வாசிப்பா?" என்று கேட்டார். கேட்ட குரலில் எந்த மாற்றமும் இல்லை.

கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். முதலில் துக்கம் விசாரித்தார், உண்மையாகவே விசாரித்தார். போன்களைக்கூட அணைத்து வைத்திருந்தார். பிறகு சொன்னார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிச்சது அப்படியே இருக்குது. வேற ஒரு பொண்ணு இருக்குது, நல்ல வாய்ஸ். அத வச்சுப் பாடிட்டு, அக்கா நினைவாகன்னு போட்டுடலாம். அக்கா போட்டோவும் வச்சுடலாம். நல்லா போகும் மாஸ்டர்."

"வேணாம்."

"அந்தப் பொண்ண ஒரு தபா கேட்டுப் பாருங்களேன்."

"நல்லா பாடும். வேணாம்."

"அப்ப இன்னாதான் பண்றது? எடுத்து வச்சது வீணா போயிடும்."

மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "இருக்கறத அப்படியே போடுங்க. அந்த எடத்துல... வேற யாரும் வேணாம்."

"வெறும் வாசிப்பாவா? நடுவுல நடுவுல சும்மா கெடக்குதே மாஸ்டர். யாரு கேப்பா? நீங்கதான சொல்லுவீங்க, வாசிப்ப பேசறதுக்குத்தான் வாங்குறாங்கன்னு."

"பேசிக்கட்டும்" என்றார் மாஸ்டர். "பாட வேணாம்."

கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். இரக்கமா, எடுத்தது வீணாகக்கூடாது என்ற எண்ணமா தெரியாது, கேட்டபடியே குரல் இல்லாமல் போடுகிறேன் என்று அவர் போனில் சொன்னது உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், முடிந்த வாரத்தில். மாஸ்டர் "சரி" என்றார். கம்பெனியில் குரல் இல்லாமல் வெளியான முதல் பதிவு அது. அவர் இணையத்தில் தேடிப் பார்க்கவில்லை. நானும் அதைக் கிளறவில்லை.

அடுத்த தவக்காலம் தொடங்கியபோது திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அவர்கள் கிராமத்துப் பாடகர் குழுவுக்குப் பொறுப்பானவர். கையில் பென் டிரைவ்.

"பாட்டா, வாசிப்பா?"

"டிராக்குங்க. தவக்காலப் பாட்டு கிளாரினெட் டிராக்குன்னு ஒண்ணு வந்துகினு இருக்குது பாருங்க, அது."

டிராக் என்றால் குரலை மட்டும் எடுத்துவிட்டு இசையை வைத்திருப்பது. வாத்தியக்காரர் இல்லாத கோவில்களில் அதை ஒலிபெருக்கியில் போட்டு, அதன்மேல் இவர்கள் பாடிக்கொள்வார்கள். மாஸ்டர் தேடினார். திரையில் வந்தது. கம்பெனி அலுவலகத்தில் ஏற்றியவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். குரல் இல்லை, நடுநடுவே பாட இடம் இருக்கிறது. பாடுவதற்கான டிராக் என்று தலைப்புப் போட்டுவிட்டார். கீழே ஊர் ஊராக நன்றி எழுதியிருந்தார்கள். எங்கள் பங்கில் பாடினோம், எங்கள் குழுவில் பாடினோம், சகோதரி இன்னார் பாடினார்.

மாஸ்டர் அவற்றைக் கடைசி வரை படித்தார். பிறகு ஏற்றத் தொடங்கினார்.

"நல்ல டிராக்குங்க" என்றார் வந்தவர். வாசித்தவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. "ஒரே ஒரு கொறைதான். பல்லவி முடிஞ்சு சுத்தி வர்ற வாசிப்ப அந்த ஆளு பாதியிலயே வுட்டுடறாரு. இன்னா அவசரமோ அவருக்கு. மொதல்ல எங்க பொண்ணுங்களுக்குப் புடிபடல. கொஞ்சம் அசந்தா பாட்டு போயிடுது. ஜல்தியா நுழையணும். இப்ப பழகிடுச்சு."

"பழகிடுச்சா?" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க. இப்ப டாண்ணு நுழைஞ்சுடுறாங்க."

அவர் போன பிறகு நான் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். தலைப்பை மாற்றச் சொன்னேன். எதிர்முனையில் ஒரே உற்சாகம்.

"மாத்தறதா? சார், எங்க கம்பெனிலயே அதுதான் இப்ப நல்லா போயிகினு இருக்குது. மாஸ்டர் பக்கத்துல இருக்காரா? மாஸ்டர், நான்தான் தப்பா சொல்லிட்டேன். பாட்டா வாசிப்பான்னு கேட்டா, இதுவும் பாட்டுதான் மாஸ்டர். பாடறவங்க அவங்கவங்க ஊர்ல இருக்காங்க, அவ்ளோதான். அடுத்த வருஷத்துக்கு இன்னொண்ணு வாசிச்சுக் குடுங்க. இதே மாதிரி எடம் வுட்டு."

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் "ஹலோ, ஹலோ" என்றார். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.

நான் கோபப்பட்டேன். வழக்கறிஞர் ஒருவரைத் தெரியும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஷட்டரை இழுத்தார். இன்னொன்று வாசித்துக் கொடுக்கவில்லை. முதலில் போட்டதை எடுக்கச் சொல்லவும் இல்லை. கோவிலில் வாசிப்பதை நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிறுதோறும் போனார். பல்லவி முடிந்ததும் சுற்றி வந்து முக்கால்வாசியில் வாய் எடுப்பார். புதிதாகப் பாட வந்த பெண்ணுக்கு இது தெரியாது. அவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார். ஒரு நொடி கோவில் முழுக்க ஒன்றும் ஒலிக்காது. பிறகு அந்தப் பெண் அவசரமாகத் தொடங்குவார். பல வாரம் அப்படி நடந்தது. அவர் திருத்திக்கொள்ளவில்லை. தாம் முன்னதாக வாய் எடுப்பது தமக்குத் தெரியவே இல்லை என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன்.

அந்த ஆண்டு புனித வெள்ளிக்குத் தம் பங்குக்குப் போகாமல், ஒலக்கூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருந்த மைத்துனி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். "வர்றீங்களா சார்?" என்றார். போனேன். திண்டிவனத்திலிருந்து பஸ். வழியெல்லாம் அறுத்த வயலும், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையுமாகக் கிடந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

புனித வெள்ளியில் அவர்கள் கோவிலில் வாத்தியம் கிடையாது. முந்தின நாள் பூசையில் மணி அடித்ததோடு சரி, உயிர்ப்புப் பூசை வரை மணியும் அடிக்க மாட்டார்கள், எந்தக் கருவியும் ஒலிக்காது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாட்டெல்லாம் வெறும் குரலில்தான். ஆண்டு முழுவதும் வாசிக்கிறவருக்கு அன்று கை சும்மா இருக்கும். கிளாரினெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

சிறிய கோவில். மின்விசிறி இருந்தும் புழுக்கம். மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்த வழிபாட்டில் சிலுவையை முத்தி செய்யும், அதாவது முத்தமிடும், நேரம் வந்தது. சனம் இரண்டு வரிசையாக நின்று மெல்ல நகர்ந்தது. நான் மரியாதைக்காக அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். ஓரமாக நின்ற குழு பாடத் தொடங்கியது. எல்லாம் பெண்கள். காலையில் கொல்லை வேலைக்குப் போய்விட்டுக் குளித்து வந்தவர்கள், நகத்தில் செம்மண் இருந்தது. இவர்கள் யாரும் மாஸ்டரின் மனைவி பாடிக் கேட்டவர்கள் அல்ல.

அவர்கள் பாடியது அந்தத் தவக்காலப் பாட்டுகளில் ஒன்று. பல்லவியைப் பாடி முடித்தார்கள். நிறுத்தினார்கள்.

மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரும் பதற்றப்படவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. சும்மா நின்றார்கள். முன்னால் நின்ற பெண்ணின் தலை மட்டும் மிக மெதுவாக, ஏதோ சுற்றி வருவதைக் கேட்பதுபோல அசைந்தது. கோவிலில் செருப்பில்லாத கால்கள் நகரும் ஓசை மட்டும் இருந்தது. பிறகு எல்லாரும் ஒன்றாகச் சரணத்துக்குள் நுழைந்தார்கள்.

மறுபடி பல்லவி. மறுபடி அதே நிறுத்தம். தவக்காலம் முழுவதும் போனில் டிராக்கைப் போட்டுப் பாடிப் பழகியிருக்கிறார்கள். வாத்தியம் இல்லாத நாளிலும் அந்த வாசிப்பு சுற்றி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் மாஸ்டரின் விரல்களைப் பார்த்தேன். அவை அசையவில்லை. கைகள் தொடையோடு ஒட்டி இருந்தன. முகத்திலும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசிப்பு முழுசாக எவ்வளவு நீளம் என்று அறிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

மூன்றாம் முறை நிறுத்தினார்கள். அமைதி சுற்றி வந்தது. இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அது முடிவதற்குள் பெண்கள் டாண்ணென்று நுழைந்தார்கள்.

அவர் என் பக்கம் தலையைச் சாய்த்தார். வழக்கமாக விடும் இடம் எதையும் விடாமல், சட்டென்று சொன்னார்.

"முடிக்க வுட மாட்டா சார்."

வரிசை நகர்ந்தது. அவர் முழங்காலிட்டுச் சிலுவையின் பாதத்தில் முத்தமிட்டு எழுந்து, எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்.